பெரிய சிஸ்டரின் சிவப்பு ஏப்ரன்

அந்த ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நோயாளிகள், துப்புரவுக்காரர்கள், டாக்டர்கள் எல்லாருக்கும் அவள் பெரிய சிஸ்டர். ஆள் ஒன்றும் பெரிய உருவம் இல்லை. குளுக்கோஸ் பாட்டிலை மாட்டக் குதிகாலைத் தூக்கித்தான் ஆக வேண்டும். குரல்தான் பெரியது. "கட்டில்ல ஈரத் துண்டு போட்டது யாரு?" என்று வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால், துண்டே இல்லாதவர்கள்கூடத் தங்கள் கட்டிலை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு நர்சிங் டிப்ளமோ படித்து வேலைக்கு வந்தவள். நரம்பு அகப்படாத நோயாளி என்றால் மற்ற வார்டுகளிலிருந்து ஆள் அனுப்பி அவளைக் கூட்டிப்போவார்கள். அவள் போவாள், கையை இரண்டு தட்டுத் தட்டுவாள், ஊசி உள்ளே போய்விடும். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது நர்சிங் கண்காணிப்பாளர் பதவி காலியானபோது. வார்டே அவளுக்கு வாழ்த்துச் சொல்லத் தயாராக இருந்தது. நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கிளினிக்கல் லீடர்ஷிப்னா என்னன்னு நினைக்கிறீங்க?" அவள் யோசித்துவிட்டு, "வார்டு சுத்தமா இருக்கணும் சார்" என்றாள். கேட்டவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. பக்கத்தில் இருந்த பெண்மணிதான் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பதவி, இவளிடம் பயிற்சிக்கு வந்து ஊசி பிடிக்கக் கை நடுங்கிய பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண்ணிடம் முதுநிலைப் பட்டம் இருந்தது.

அன்றைக்கே பெரிய சிஸ்டர் முடிவு செய்துவிட்டாள். நர்சிங் மற்றும் கிளினிக்கல் லீடர்ஷிப் என்று, நர்சுகளுக்கு வார்டை வழிநடத்தக் கற்றுத்தரும் ஒரு முதுநிலைப் படிப்பு வார இறுதி வகுப்பாக இருந்தது. டிப்ளமோவோடு பணி அனுபவம் இருந்தால் போதும் என்றார்கள், போய்ச் சேர்ந்தாள்.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். "மேல போகணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? லிஃப்ட்லயே கொண்டுபோய் விட்டிருப்பேன்ல" என்றார். மகள் அப்போதுதான் கல்லூரி போக ஆரம்பித்திருந்தாள். "அம்மா, நீயும் பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினா என் மானம் போயிரும். ஒரே பஸ்ல மட்டும் ஏறிடாதே" என்றாள். சொன்னாளே தவிர, சாப்பாட்டு மேசையில் பாதியை அம்மாவுக்கு ஒதுக்கிக் கொடுத்ததும், கணினியில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

வகுப்பில் முதல் கட்டுரையிலேயே மூக்குடைபட்டது. 'உங்கள் பணியில் உங்களைப் பாதித்த ஒரு சம்பவத்தை எழுதி, அப்போது நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்று சிந்தியுங்கள்' என்பது கேள்வி. அவள் எழுதியது: 'நோயாளிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. ஆக்சிஜன் வைக்கப்பட்டது. டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. நோயாளி சௌகரியமாக உள்ளார்.' பேராசிரியை இவளைவிட வயதில் சிறியவர், பொறுமைசாலி. "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். "அங்கதான் மேடம் இருந்தேன். ஆக்சிஜன் வச்சதே நான்தானே?" என்றாள் இவள் அப்பாவியாக. வகுப்பு சிரித்தது. இவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆனால் விடுகிற ஆளா அவள்? 'செய்யப்பட்டது' என்று எழுதிப் பழகிய கையை 'நான் செய்தேன்' என்று எழுதத் திருப்பினாள். நம்மால் நோயாளிக்குக் கெடுதல் நேர்ந்துவிட்டால் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு பாடம் வந்தது. முதலில் சொல்ல வேண்டும், நாமே போய்ச் சொல்ல வேண்டும், 'இருக்கலாம்', 'தெரியவில்லை' என்ற வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. இதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரைதான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பேராசிரியை அதை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்து, கணவரையும் உட்காரவைத்து ஒருமுறை படித்துக் காட்டினாள்.

கடைசியில் வார்டில் ஏதாவது ஒரு மாற்றத்தைச் செய்துகாட்ட வேண்டும் என்று வந்தது. அதற்கு அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. காலையில் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகும்போது ஆளாளுக்கு நிறுத்துவார்கள். ஒருவருக்குத் தலையணை, ஒருவருக்கு டிஸ்சார்ஜ் எப்போது என்று தெரிய வேண்டும், ஒருவருக்குச் சும்மா பேச வேண்டும். பேச்சுக் கொடுத்த நேரத்தில் மாத்திரை மாறிப்போன கதை எல்லா வார்டிலும் உண்டு. ஆகவே மருந்து கொடுக்கிற நர்ஸ் உடுப்புக்கு மேலே சிவப்பு ஏப்ரன் ஒன்று போட்டுக்கொள்வது, அது போட்டிருக்கும்வரை அவளிடம் யாரும் பேசக் கூடாது என்பது திட்டம். இது அவள் கண்டுபிடித்ததல்ல, படித்ததில் இருந்தது. நெஞ்சில் பெரிய வெள்ளை எழுத்தில் 'மருந்து நேரம். பேசாதீர்கள்' என்று போட்டதும், ஆஸ்பத்திரித் தையல்காரரிடம் அரை நாள் நின்று தைத்து வாங்கியதும் மட்டும்தான் அவள் வேலை.

முதல் வாரம் ஒருவரும் மதிக்கவில்லை. "சிஸ்டர், கலர் நல்லாருக்கு, என்ன விசேஷம்?" என்று கேட்பதற்கே பத்துப் பேர் நிறுத்தினார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. பேசினவர்களுக்குப் பதில் சொல்லாமல், ஏறிட்டும் பார்க்காமல், விரலால் அந்த எழுத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு நகர ஆரம்பித்தாள். இது வேலை செய்தது. அந்த இரண்டு தட்டில் யாரானாலும் வாயடைத்துப்போனார்கள்.

அவள் கட்சிக்கு முதலில் வந்த நோயாளி ஜன்னலோரக் கட்டில் டிரைவர். டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சர்க்கரையால் காலில் ஆறாத புண், அதற்காகச் சேர்ந்திருந்தார். "என் வண்டியிலயும் இதே போர்டுதான் சிஸ்டர். டிரைவரோட பேசாதீர்கள். எவன் கேக்கறான்? பின்னாடி வந்து நின்னுக்கிட்டு மருமக கதையெல்லாம் சொல்லுவான். உங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியுது" என்றார். அதன்பின் வார்டுக்கே அவர்தான் கண்டக்டர். யாராவது டிராலியைப் பார்த்து வாயைத் திறந்தால், "ஏய், வண்டி ஓடுதுல்ல? கம்முனு இரு" என்று கட்டிலில் இருந்தபடியே அதட்டுவார்.

ஒரு சுற்றில் எத்தனை தடவை பேச்சு குறுக்கிட்டது என்று சின்ன சிஸ்டர், அதாவது அவளுக்குக் கீழே இருந்த இளம் நர்ஸ், கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கோடு குறைந்துகொண்டே போனது. பெரிய சிஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

கோடே இல்லாமல் முதன்முதலாக ஒரு சுற்று முடிந்த சில நாளில், ஒரு காலையில் அது நடந்தது. அந்தக் காலையைத்தான் அவள் இன்றுவரை மென்று முழுங்க முடியாமல் வைத்திருக்கிறாள்.

சுற்று எப்போதும் ஜன்னலோரத்தில் ஆரம்பிக்கும். டிரைவருக்குத்தான் முதல் மாத்திரை. வாங்கிக்கொண்டு, பேசக் கூடாது என்பதால் கண்ணை மட்டும் சிமிட்டினார். அவள் அடுத்த கட்டில்களுக்கு நகர்ந்தாள். எதிர் வரிசையில் ஒரு இதய நோயாளிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரத்தில் ஒரு கை உயர்ந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. டிரைவரின் வலது கை. அவள் திரும்பவில்லை. கையில் மருந்து அட்டை, மனசில் கோடு இல்லாத இன்னொரு சுற்று. நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினாள். கை இறங்கியது. சின்ன சிஸ்டர் அப்போது குனிந்து கீழே விழுந்த மாத்திரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் எக்ஸ்ரேக்குப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

சுற்று முடிந்தது. டிராலியைப் பூட்டினாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சின்ன சிஸ்டர் ஊற்றிக் கொடுத்த டீயை நின்றபடியே குடித்து முடித்தாள். வெறும் வெள்ளை உடுப்போடு அவள் வார்டுக்குள் வந்தபிறகுதான் டிரைவர் கூப்பிட்டார். நாக்கு குழறியது.

"சிஸ்டர்... இப்பப் பேசலாமா? கை... இந்தக் கை வரமாட்டேங்குது."

வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கை கட்டிலில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தது. அழைப்பு மணியின் கயிறும் அந்தப் பக்கம்தான் தொங்கியது.

அப்புறம் அவள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்ட்ரெச்சர், ஸ்கேன், மூளைப் பிரிவுக்குப் போன், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" என்று டாக்டர் கேட்டபோது, "சுத்து ஆரம்பிச்சப்போ சார். நானே மாத்திரை கொடுத்தேன்" என்று நேரத்தோடு சொன்னாள். சிகிச்சைக்கு வேண்டியதைச் சொன்னாள். தனக்கு வேண்டாததை விழுங்கினாள். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்கள்.

டிரைவரின் மனைவி துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். கடை உடுப்போடவே ஓடிவந்து, "நல்லாத்தானே இருந்தீங்க? உடனே கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று அவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். பெரிய சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். டிரைவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனைவியிடம், "கண்ணசந்துட்டேன் புள்ள. தெரியல" என்றார்.

தனக்காக ஒரு மனுஷன், வாய் கோணிக் கிடக்கிற நேரத்தில், பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இல்லை ஐயா, நீங்கள் கையைத் தூக்கினீர்கள், நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. போர்வையைச் சரி செய்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

கையோடு சேர்ந்து செயலிழந்திருந்த இடது கால் திரும்பியது. பேச்சும் பெருமளவு தெளிந்தது. இடது கை மட்டும் திரும்பவில்லை. "கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா கை தப்பிச்சிருக்குமோ என்னமோ, உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் மூளைப் பிரிவு டாக்டர். அந்தச் 'சொல்ல முடியாது' என்ற வார்த்தையைப் பெரிய சிஸ்டர் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. 'நோயாளி தாமதமாகத் தெரிவித்தார்' என்று முடித்தார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். தாமதம் நோயாளியுடையது என்று கேட்டபோது காதெல்லாம் சுட்டது. தலையை மட்டும் குனிந்துகொண்டாள். பார்த்தவர்கள், பாவம், சிஸ்டருக்கு எவ்வளவு வருத்தம் என்றார்கள்.

டிரைவரைப் பிசியோதெரபிக்காகப் பக்கத்துக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். கேன்டீனுக்குப் போகிற வழி அந்த அறையின் வாசலைத் தாண்டித்தான் போகும். பெரிய சிஸ்டர் கேன்டீனுக்குப் போவதையே விட்டாள். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள். மருந்தகத்துக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கம் குப்பை வண்டி நிற்கிற சந்து வழியாகச் சுற்றிப் போனாள். அந்த வயதில், அந்தப் பதவியில், ஒளிந்து ஒளிந்து நடக்கிற தன் கால்களைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அப்படியும் சுற்றித்தான் போனாள்.

இதற்கு நடுவில் இறுதித் தேர்வு வந்தது. ஏப்ரன் திட்டத்தை வகுப்பின் முன்னால் நின்று விளக்க வேண்டும். மகள் படம் போட்டுக் கொடுத்திருந்தாள். கோடுகள் சரிந்து சரிந்து பூஜ்யத்தில் போய் நிற்கிற படம். அதைக் காட்டியதும் வகுப்பு கைதட்டியது. அப்போது அவசரப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு ஆண் நர்ஸ் எழுந்து, "பேசவே கூடாதுன்னா, நிஜமாவே அவசரம்னா நோயாளி என்ன பண்ணுவார் அக்கா?" என்று கேட்டார்.

கேட்டவர் பகையாகக் கேட்கவில்லை. நல்ல கேள்வி. அந்த அறையில் இதற்குப் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைப்பு மணி இருக்கு" என்றாள்.

பேராசிரியை தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்தார். கொஞ்ச நாளில் முடிவு வந்தது. முதல் வகுப்பு. அடுத்த முறை கண்காணிப்பாளர் பதவி உங்களுக்குத்தான் என்று பேச்சும் அடிபட்டது.

வீட்டில் கணவர் வாசலிலேயே சல்யூட் வைத்தார். மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் அப்படியே செருப்போடு உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். அழுகை நிற்காததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கையைப் பற்றி வாயைத் திறந்தாள்.

கணவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நீ வேணும்னா செஞ்ச? கை போனது அதனாலதானான்னு டாக்டரே சொல்ல முடியாதுங்கறாரு. நீ எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

"கை போனதுக்காக இல்லைங்க. அவரு கையத் தூக்கினாரு. நான் தட்டினேன். அதுக்கு."

மகள் அம்மாவின் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு, "அந்தக் கட்டுரைய அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினியேம்மா" என்றாள். குத்திக் காட்டிச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் மகள் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. பெற்ற பெண் முன்னால் இப்படிக் கூனிக் குறுகி உட்கார நேரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மறுநாள் அவள் சந்து வழியாகப் போகவில்லை. நேர் வழியில் நடந்து பிசியோதெரபி அறை வாசலில் போய் நின்றாள். டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைத் தூக்கித் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு தடவையும் வழுக்கிக் கீழே வந்தது. அவர் கவனம் முழுக்க அதில் இருந்தது, இவளைப் பார்க்கவில்லை. மனைவி சுவரோர பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய சிஸ்டரைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பெரிய சிஸ்டர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவோம் என்று பயம்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவரு தூங்கல. கை வரலன்னு தெரிஞ்சதுமே இன்னொரு கையத் தூக்கி என்னைக் கூப்பிட்டாரு. நான் பார்த்தேன். பார்த்தும் திரும்பல. பேசாதீங்கன்னு தட்டிக் காட்டிட்டு என் வேலையப் பார்த்தேன். எல்லாருக்கும் கொடுத்து முடிக்கிற வரைக்கும் அவரு அப்படியே காத்துக்கிட்டு இருந்தாரு. நான் டீ குடிச்சிட்டு வந்தேன். இத அன்னைக்கே சொல்லியிருக்கணும். தாமதம் அவரோடதுன்னு எழுதினப்பவாவது சொல்லியிருக்கணும். சொல்லல."

குரல் எங்கே போனதோ தெரியவில்லை. வார்டையே நடுங்கவைக்கிற குரல் அந்த பெஞ்சைத் தாண்டவில்லை. அந்த அம்மாள் கத்துவாள், நாலு வார்த்தை கேட்பாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நின்றாள்.

அந்த அம்மாள் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "தெரியும் சிஸ்டர்" என்றாள்.

பெரிய சிஸ்டர் நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டாரு. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. இப்பவே போய் நாலு பேரு முன்னாடி கேக்கறேன்னு எழுந்தேன். இவருதான் விடல. அவங்களே வந்து சொல்லுவாங்க, அப்படிப்பட்ட ஆளுதான்னாரு. நானும் தினம் இந்த பெஞ்சுல வந்து உக்காந்து வாசலையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். பின்பக்கச் சந்து வழியா நீங்க சுத்திப் போறதையும் ஒரு தடவ பார்த்தேன். இவருகிட்ட சொன்னா, இப்ப அவங்களுக்குப் பரீட்சை நேரம், முடியட்டும், அதுவரைக்கும் நீ வாயத் திறக்காதேன்னுட்டாரு."

கண்ணாடிக்கு முன்னால் அந்தக் கை மறுபடியும் வழுக்கி விழுந்தது. டிரைவர் அதை எடுத்து மறுபடியும் மேசைமேல் வைத்தார்.

"முடிஞ்சிருச்சா சிஸ்டர், பரீட்சை?" என்று கேட்டாள் அந்த அம்மாள். அவள் கண்ணில் கோபம் இருந்தது, கேள்வியில் இல்லை. "பாஸ் பண்ணிட்டீங்களா?"